தேவனாம்பட்டினம் கோட்டையில் பெண் பார்த்த விவரம்

பாகூர்,
தாது வருஷம் மாசி மாதம் 29ஆம் தேதி, வெள்ளிக்கிழமை
(12-3-1937)

வில்லியனூரில் இருக்கும் என் மனைவியின் தமையனார் மணவாளன் அவர்கள் சமூகத்துக்கு, பாகூர் மேரி என்கிற நகரசபைக் கச்சேரியில் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவேட்டை முப்பத்தொரு வருஷம் எழுதி ஓய்வு பெற்ற தணிகைவேல் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நாங்கள் சௌக்கியம் என்று எழுதுவது முறை, ஆகவே சௌக்கியம். அவ்விடம் உங்கள் சௌக்கியத்தைக் கேட்பதும் முறை. அதையும் கேட்டதாக வைத்துக்கொள்ளவும். முறை இத்தோடு முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மச்சான், போன மாதம் நீங்கள் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, உங்கள் தங்கை கனகாம்பாள் சுட்ட அதிரசத்தில் ஆறாவதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன யோசனையை நான் மறக்கவில்லை. என் மகள் கஸ்தூரிக்குப் பத்தொன்பது முடியப் போகிறது. இதுவரை இரண்டு இடத்தார் வந்து பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். இன்னும் போய்க்கொண்டே இருக்கிறார்கள் போலிருக்கிறது. முதல் இடம் வீட்டுக்கே வந்தது. தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. இரண்டாவது இடம் கோயிலில் வைத்துப் பார்த்தது. மறு வெள்ளிக்கிழமை குருக்களே அர்ச்சனைத் தட்டை வாங்கும்போது அந்த இடம் என்ன ஆயிற்று என்று விசாரித்தார். மூன்றாவது இடமும் தட்டிப் போனால் பெண்ணைப் பற்றி ஊர் வேறு மாதிரி பேச ஆரம்பிக்கும் என்று கனகாம்பாள் சோறு பிசையும்போதெல்லாம் அழுகிறாள். அப்போதுதான் நீங்கள் சொன்னீர்கள்: “வூட்லயும் வாணாம், கோயில்லயும் வாணாம். தேவனாம்பட்டினத்துல கடலோரம் பழைய கோட்ட ஒண்ணு கீது. ஈ காக்கா இருக்காது. நீங்க சும்மா கோட்ட பாக்கப் போற மாதிரி போங்க. அவங்களும் அதே மாதிரி வரட்டும். ஒருத்தர ஒருத்தர் தெரியாத மாதிரியே இருந்துக்குங்க. புடிச்சிதுன்னா அப்பறமா பேசிக்கலாம். புடிக்கலன்னா கோட்ட பாத்த மாதிரி ஆச்சி.” நல்ல யோசனை என்று நானும் தலையை ஆட்டினேன். அந்தத் தலையைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் கூடலூரில் மணிலாக்கொட்டை மண்டி வைத்திருக்கும் சுப்பராயலு. மகன் பலராமன், ஜில்லா போர்டில் ஓவர்சியர். பிரெஞ்சு மண்ணில் இருந்துகொண்டு இங்கிலீஷ்காரன் மண்ணில் பெண் கொடுப்பதா என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு தயக்கம் இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நீங்கள்தான் ஓவர்சியர் வேலை, ஒரே பிள்ளை, மாமியாருக்குக் கண் பார்வை கொஞ்சம் மட்டு, அதனால் சமையலில் குற்றம் கண்டுபிடிக்க மாட்டாள் என்று ஒவ்வொன்றாக அடுக்கினீர்கள். பெண் ஊதாப் பட்டு கட்டியிருப்பாள், அதுதான் அடையாளம் என்று அவர்களுக்குச் சொல்லியனுப்பினதும் நீங்கள்தான். புதுச்சேரிக் கடையில் அந்தச் சீமைப் பட்டை வாங்கிக் கொடுத்ததும் நீங்கள்தான். அதற்காக நன்றி. இந்தக் கடிதத்தில் உங்களுக்கு நன்றி சொல்லும் இடம் இது ஒன்றுதான், ஆகையால் நிதானமாகப் படிக்கவும்.

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வண்டி பூட்டினோம். உங்களுக்கு ஞாபகம் வராமல் போன ஒரு விஷயம், எல்லையான ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒருநாளும் மறக்காத விஷயம், சுங்கச் சாவடி. புதுச்சேரியில் வாங்கின பட்டை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனால் தீர்வை கட்ட வேண்டும். உடுத்திக்கொண்டு போனால் கேட்க மாட்டார்கள். கஸ்தூரி அதை உடுத்திக்கொண்டு மூன்று மணி நேரம் மாட்டு வண்டியில் ஆடிக்கொண்டு போனால், கோட்டைக்குப் போய்ச் சேரும்போது அது பட்டாகவும் இருக்காது, ஊதாவாகவும் இருக்காது. ஆகவே கனகாம்பாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பட்டைத் தான் உடுத்திக்கொண்டு, அதன் மேல் தன் நூல் புடவையையும் சுற்றிக்கொண்டாள். கோட்டைக்குப் போய் மறைவில் பட்டை அவிழ்த்து மகளுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. உங்கள் தங்கை ஏற்கெனவே ஒல்லியானவள் அல்ல. இரண்டு புடவையோடு அவளை வண்டியில் ஏற்ற வண்டிக்காரன் கண்ணையனும் நானும் பட்ட பாட்டை மாடுகள் திரும்பிப் பார்த்தன.

சாவடியில் ஒரு சேவகன். வாயில் வெற்றிலை, கையில் நோட்டுப் புத்தகம். “இன்னா எடுத்துகினு போறீங்க, இன்னா திருப்பி எடுத்துகினு வருவீங்க? ரெண்டையும் சொல்லுங்க” என்றான். பதிவேட்டுக்காரனிடம் பதிவேட்டுக்காரன் பேசுவது போல நானும் ஒழுங்காகச் சொன்னேன்: “மூணு பேரு போறோம், மூணு பேரு திரும்பி வருவோம். ஒரு தூக்குல புளிச்சோறு. வரும்போது அது இருக்காது.” அவன் சிரித்துக்கொண்டே எழுதினான். பிறகு கனகாம்பாளைப் பார்த்து, “அம்மாவுக்கு உடம்புக்கு எதனா முடியலியா? மாசி மாசத்துலயே இப்டி வேர்க்குது” என்றான். கனகாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். கஸ்தூரி வண்டியின் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. அவள் அழுகிறாள் என்று நினைத்து நான் தட்டிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

கோட்டை என்றீர்களே மச்சான், அங்கே கோட்டை இல்லை. ஒரு மேடு, அதன் மேல் செங்கல்லும் சுண்ணாம்புமாய் நாலைந்து துண்டுச் சுவர், மேலே பாதி மூடின ஒரு நிலவறை, சுற்றிலும் சப்பாத்திக்கள்ளி. ஒரு பக்கம் கெடிலம் ஆறு, ஒரு பக்கம் கடல், இரண்டுக்கும் நடுவில் மனிதனை நிற்க விடாத காற்று. இதைப் பார்க்கக் குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு வந்தோம் என்று சொன்னால் பைத்தியக்காரன்கூட நம்ப மாட்டான். எங்களுக்கு முன்பே அவர்கள் வந்திருந்தார்கள். சுப்பராயலு, அவர் மனைவி விருத்தாம்பாள், பையன், ஆக மூன்று பேர். அவர்களைத் தவிர அந்த மேட்டில் ஒரு ஆடு இருந்தது. கனகாம்பாளும் கஸ்தூரியும் புடவை மாற்ற நிலவறைப் பக்கம் போனார்கள். விருத்தாம்பாள் காலை நீட்டிக்கொண்டு ஒரு சுவர் நிழலில் உட்கார்ந்தார். நானும் சுப்பராயலுவும் எதிரும் புதிருமாக நின்றோம்.

நீங்கள் போட்ட விதி, ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி இருப்பது. விதி என்று ஒன்று இருந்தால் அதை எழுத்துப் பிசகாமல் நடத்துவது என் சுபாவம். நான் ஒரு சுவரைப் பார்த்தேன். அவரும் அதே சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரில் பார்க்க ஒன்றுமே இல்லை. எத்தனை நேரம்தான் பார்ப்பது? கடைசியில் அவர் சுவரிடம் சொல்வது போல, “இன்னா கோட்ட, கடலு அரிச்சே கொட்டிட்டுது” என்றார். வழியில் பார்த்த மனிதனுக்கு வழியில் பார்த்த மனிதன் பதில் சொல்வது தப்பில்லை என்று நினைத்து, “கடலு அரிக்கல. எங்க ஆளுங்க இடிச்சது” என்றேன்.

“எங்க ஆளுங்கன்னா?”

“பிரெஞ்சுக்காரங்க. ஆயிரத்தி எழுநூத்தி அம்பத்தெட்டு.”

அவர் என் வேட்டியையும் நெற்றி விபூதியையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “நீங்க பிரெஞ்சுக்காரரா?” என்றார்.

மச்சான், இந்தக் கேள்வியைச் சம்பந்தி கேட்டிருந்தால் நான் சிரித்திருப்பேன். ஆனால் விதிப்படி இவர் சம்பந்தி இல்லையே. யாரோ ஒரு வழிப்போக்கன் என் பிரஜா உரிமையைக் கேட்கிறான். வருஷா வருஷம் ஜூலை பதினாலாம் தேதி மேரியில் பிரெஞ்சுக் கொடி ஏற்றும்போது முன் வரிசையில் நின்றவன் நான். நகரசபைத் தலைவரான மேர் பிரெஞ்சில் படிக்கும் பிரசங்கத்தில் இந்தக் கோட்டை பிடிபட்ட வருஷம் மட்டும்தான் எனக்கு விளங்கும். அதையும் சும்மா விடச் சொல்கிறீர்களா? நான் சொன்னேன், அவர் சொன்னார். அவருடைய சொந்த ஊர் குண்டு விழுந்த ஊராம். அந்தக் காலத்தில் இங்கிலீஷ்காரன் இந்தக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினபோது, கோட்டையிலிருந்து நாலு பக்கமும் பீரங்கி சுட்டு, குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நிலமும் தனக்கு என்று பேசி வாங்கினானாம். “குண்டு வந்து வுழுந்த நாள்லேர்ந்து நாங்க இங்கிலீஷ்காரன் ஆளுங்க” என்று மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

“தன் ஊர் மேல குண்டு வுழுந்தத பெருமையா சொல்ற மொத ஆள இன்னிக்கித்தான் பாக்கறேன்” என்றேன்.

“குண்டு வயல்லதான் வுழுந்துது. ஊரு மேல இல்ல. சரி, நீங்க இடிச்சீங்கன்னே வெச்சிக்குவோம். இடிச்ச கோட்டைய ஏன் வெச்சிக்கல?”

“வாணாம்னு வுட்டுட்டோம்.”

“அப்ப புதுச்சேரில இருந்த உங்க கோட்டைய எங்க ஆளுங்க வந்து தரமட்டமாக்குனாங்களே, அத்தயும் வாணாம்னுதான் வுட்டீங்களா?”

நியாயம் தீர்ந்துபோன இடத்தில் மனிதனுக்குக் குரல்தான் ஏறும். எனக்கு ஏறியது. அவருக்கும் ஏறியது. நாங்கள் இருவரும் அந்த மேட்டில் நின்று கையை நீட்டி நீட்டி இரண்டு ராஜ்யத்துக்காகவும் சண்டை போட்டோம். எங்கள் பூட்டன்மார் அந்தக் கோட்டை வாசலில் நின்றிருந்தால் இரண்டு தரப்பாருமே விரட்டியிருப்பார்கள் என்பது வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் எனக்குத் தோன்றியது. பையன் பலராமன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, “நான் ஆத்துப் பக்கம் போய்ட்டு வரேம்பா” என்று இறங்கிப் போய்விட்டான். அன்றைக்கு அந்த மேட்டில் புத்தியோடு நடந்துகொண்டது அவன் ஒருவன்தான் என்று அப்போது நினைத்தேன். ஆட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்குள் நிலவறையில் நடந்ததைக் கனகாம்பாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் மேலே சுற்றியிருந்த நூல் புடவையை அவிழ்த்து, மடித்து வைக்க இடமில்லாமல் சுவரிலிருந்த ஒரு பொந்தில் செருகியிருக்கிறாள். அது பீரங்கி வைக்க விட்ட பொந்து. ஒரு பக்கம் குறுகி, வெளிப் பக்கம் அகன்று இருந்ததாம், ஏன் என்று ஓவர்சியர்களுக்குத்தான் தெரியும். காற்று ஒரு இழு இழுத்ததில் புடவை அந்தப் பொந்து வழியாக வெளியே பறந்து ஆற்றுப் பக்கம் போய்விட்டது. கஸ்தூரி அதைப் பிடிக்க ஓடினாள். கனகாம்பாள் ஊதாப் பட்டோடு உள்ளே நின்றாள். அதை அவிழ்த்தால் கட்ட வேறு துணி கிடையாது. அவிழ்த்தாலும் கொடுக்க மகள் கிடையாது. கால் மணி நேரம் வௌவாலோடு நின்று பார்த்தாள். பிறகு வெளியே எங்கள் கூச்சல் அதிகமானதும், என்னமோ ஏதோ என்று பயந்து நிலவறை வாசலில் வந்து நின்றாள்.

ஊதாப் பட்டு. காலை வெயில் அதன் மேல் விழுந்து பளபள என்று மின்னியது. உங்களைப் போன்ற கலியாணத் தரகர்கள் சொல்லிக் கொடுத்த அடையாளம் அப்படியே பொருந்தியது. விருத்தாம்பாள் எழுந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே போனார். மாடு வாங்குகிறவர்கள் பார்ப்பதுபோல ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கனகாம்பாள், உங்கள் தங்கை, உங்கள் விதியை என்னைவிட நன்றாகக் காப்பாற்றினாள். தெரியாத மனுஷியிடம் பேசக்கூடாது என்று கடலைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். விருத்தாம்பாள் திரும்பி வந்து புருஷனிடம் சொன்னார்: “ஏங்க, பத்தொம்போதுன்னு சொன்னாங்களே. நாப்பதுக்கு மேல இருக்கும் போலக் கீதே. நரை வேற கீது.”

சுப்பராயலு என்னைப் பார்க்காமல், ஆட்டைப் பார்த்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார்: “பொண்ணோட அப்பாரு மேரில பதிவேடு எழுதனவராம். பொறந்த வருசத்த அவரு கையில வெச்சிகினு கீறாரு. எத்தினி வாணா எழுதிக்குவாரு.”

மச்சான், கோட்டையை இடித்தது யார் என்பதைக்கூட நான் விட்டுக் கொடுத்திருப்பேன். முப்பத்தொரு வருஷம். பாகூரில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் என் பேனா வழியாகத்தான் இந்த உலகத்துக்குள் வந்தது. ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. என்னைப் பார்த்து வயதைத் திருத்தினவன் என்று ஒரு மணிலாக்கொட்டைக்காரன் சொல்கிறான். நான் வாயைத் திறக்க முடியாது. ஏனென்றால் நான் யாரோ. தெரியாத பெண்ணின் வயதுக்காகத் தெரியாத மனிதன் எப்படிச் சண்டை போடுவான்? உங்கள் விதியைக் காற்றில் விட்டுவிட்டு, “யோவ், அது பொண்ணு இல்ல. என் சம்சாரம்” என்றேன்.

விருத்தாம்பாள் கேட்டார்: “சம்சாரத்துக்கு எதுக்கு பொண்ணோட பட்டு?”

சுப்பராயலு கேட்டார்: “அப்ப பொண்ணு எங்க?”

நானும் திரும்பிப் பார்த்தேன். பொண்ணு எங்கே? பொண்ணு இல்லை. பொண்ணு பறந்துபோன புடவையைத் தேடிக்கொண்டு கள்ளிப் புதருக்குள் போயிருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அதை எந்தத் தகப்பன் வாயால் சொல்வான்? ரோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. “பொண்ணு வரல. கொடுக்கற உத்தேசமும் இல்ல” என்றேன். சுப்பராயலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பையனைக் கூப்பிட்டுக்கொண்டே மேட்டை விட்டு இறங்கினார். அவர்கள் வண்டி கிளம்பிப் போன பிறகு, கஸ்தூரி அந்தப் பக்கச் சரிவிலிருந்து ஏறி வந்தாள். கையில் நூல் புடவை, அழகாக நாலாக மடித்தது. முள் பட்ட ஒரு கிழிசல்கூட இல்லை. அரை மணி நேரம் என்னடி செய்தாய் என்று கேட்டால், “கள்ளியில மாட்டிகினு இருந்துது, பொறுமையா எடுக்கணும் இல்ல” என்கிறாள். முகத்தில் ஒரு கவலை கிடையாது. வாழ்க்கை போச்சே என்று நாங்கள் நிற்கிறோம். அவள் தூக்கைத் திறந்து புளிச்சோறு சாப்பிட்டாள்.

திரும்பும் வழியில் சாவடி. இனி எந்தச் சுவருக்கும் பின்னால் போக மாட்டேன் என்று கனகாம்பாள் பட்டோடேயே வண்டியில் ஏறியிருந்தாள். சேவகன் நோட்டைத் திறந்து, அவளைப் பார்த்து, நோட்டைப் பார்த்து, “காலைல இந்தப் பட்டு இல்லியே. அம்மா வேற பாதி ஆயிட்டாங்களே” என்றான். கூடலூரில் வாங்கினது என்றேன். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருந்தது என்றான். கண்ணையன் மாட்டைப் பார்த்துச் சிரித்தான். கடைசியில் என் பெயர், தகப்பனார் பெயர், ஊர், வயது எல்லாவற்றையும் அவன் எழுதிக்கொண்டான். அடுத்தவர்கள் பெயரை எழுதியே காலம் தள்ளினவன் பெயர் முதன்முதலாக இன்னொருவன் பதிவேட்டில் ஏறியது. அதுவும் தப்பும் தவறுமாய், பென்சிலில்.

ஆகவே நான் யோசித்து எடுத்த முடிவுகளை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். கூடலூர் சம்பந்தம் முடிந்தது. இங்கிலீஷ்காரன் மண்ணில் நான் உயிரோடு இருக்கும்வரை பெண் கொடுக்க மாட்டேன். கரையாம்புத்தூரில் கரும்பு வைத்திருக்கும் ஒருவர், மனைவியை இழந்தவர், வயது நாற்பத்திரண்டு, இரண்டு பிள்ளைகள். போன வருஷம் ஆள் விட்டுக் கேட்டார், நான் முகத்தில் அடித்த மாதிரி மறுத்தேன். இப்போது சரி என்று திங்கட்கிழமை சொல்லி அனுப்பப் போகிறேன். வயது அதிகம்தான். ஆனால் அவர் பிறப்பையும் நான்தான் பிரதி எடுத்திருக்கிறேன், ஒளிவு மறைவு கிடையாது. பிரெஞ்சு மண்ணில் இருக்கிறார். இதைச் சொன்னபோது கனகாம்பாள் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கஸ்தூரி அழவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. நான் இந்தக் கடிதத்தை எழுதுவதைப் பார்த்துவிட்டு, “அப்பா, வெள்ளிக்கெழமையில மனஸ்தாபக் கடுதாசி போடக்கூடாது. சனியும் வாணாம். திங்கக்கெழம போடுங்க” என்றாள். அவ்வளவுதான். பெண் இவ்வளவு அடக்கமாக இருப்பது நல்லதற்கில்லை என்று தோன்றியது. இருந்தாலும் முடிவு முடிவுதான்.

இனி நீங்கள் என் வீட்டுப் படி ஏற வேண்டாம். அதிரசம் சுட்டால் கண்ணையனிடம் கொடுத்தனுப்பச் சொல்கிறேன். தங்கை என்று ஒன்று இருக்கிறதே. உங்கள் வீட்டு அம்மாளுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் ஊர்த் திருக்காமீசுவரர் உங்களுக்கு நீண்ட ஆயுளும், அடுத்தவர் கலியாணத்தில் தலையிடாத புத்தியும் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் யோசனையைக் கேட்ட
தணிகைவேல்

பின்குறிப்பு, பங்குனி 1, ஞாயிற்றுக்கிழமை மாலை: உறையில் விலாசம் எழுதிவிட்டேன், ஒட்டின தபால் தலையை வீணாக்க மனம் வரவில்லை, ஆகவே மேலே எழுதினது எல்லாவற்றையும் படித்துவிட்டு, அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். என் வாழ்க்கையில் நான் அடித்த முதல் பக்கங்கள் இவை.

இன்று காலை சுப்பராயலு வந்தார். மகன் சைக்கிள் மிதிக்க, தகப்பன் பின்னால் உட்கார்ந்து, ஆறு தாண்டி வந்தார்கள். நான் வாசலில் நின்று, தெரியாத மாதிரி இருப்பதா தெரிந்த மாதிரி இருப்பதா என்று விழித்தேன். பலராமன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். நேற்று மேரிக்குப் போய் முத்திரையோடு வாங்கின பிறப்புப் பிரதி. அதை என்னிடம் வேலை கற்றவன் என் எழுத்தைப் பார்த்தே எழுதியிருக்கிறான். கஸ்தூரி, பெண், 1917ஆம் வருஷம் ஜூன் மாதம் ஒன்பதாம் தேதி. அன்றைக்குச் சந்தோஷத்தில் அவசரமாக எழுதினதில் ஒரு எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. அந்த எழுத்தைக்கூடப் பாவிப் பயல் அப்படியே கோணலாகப் பிரதி எடுத்திருக்கிறான். சுப்பராயலு தொண்டையைச் செருமிக்கொண்டு, “எழுத்து சுத்தமாத்தான் கீது. நாந்தான் வாய் தவறிட்டேன்” என்றார்.

நடந்தது இதுதான். ஆற்றங்கரையில் கள்ளியில் சிக்கின புடவையை ஒவ்வொரு முள்ளாக விலக்கி எடுத்துக் கொடுத்தது அந்தப் பையன். “இங்க ஊதாப் பட்டு கட்டிகினு ஒரு பொண்ணு வந்திருக்காமே, பாத்தீங்களா?” என்று கஸ்தூரியிடமே கேட்டிருக்கிறான். உங்கள் விதிப்படி நம் பெண்ணும், “நான் பாக்கலியே” என்றாளாம். பிறகு எந்த ஊர் என்று கேட்டிருக்கிறான், பாகூர் என்றாளாம். பெயர் கேட்டதற்கு, “மேரில கேளுங்க, தேதியோட எழுதி வெச்சிருக்காங்க” என்று சொல்லிவிட்டு மேடு ஏறி வந்திருக்கிறாள். புளிச்சோறு ஏன் அப்படி இறங்கியது என்றும், தபாலை ஏன் திங்கட்கிழமை போடச் சொன்னாள் என்றும் இப்போது எனக்குத் தெரிகிறது. பெண் அடக்கமானவள் என்று மேலே எழுதினதை முதலில் அடிக்கவும்.

தட்டு மாற்ற வைகாசியில் நாள் பார்த்தாகிவிட்டது. சுப்பராயலு வேறு ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது, நான் கொடுத்த வெற்றிலை பாக்கை வாங்கப் போனவர் மட்டும் கையை இழுத்துக்கொண்டு, “எல்லாம் சரி. கோட்டைய இடிச்சது கடலுதான். அத்த மட்டும் ஒத்துக்குங்க” என்றார். கூடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னால் கஸ்தூரியின் வளையல் சத்தம் நின்றுபோனது. நான் கொடியை நினைத்தேன், மேரை நினைத்தேன், ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தெட்டையும் நினைத்தேன். “கடலுதான்” என்றேன். முப்பத்தொரு வருஷத்தில் இல்லாமல், ஓய்வு பெற்ற பிறகு நான் செய்த ஒரே பொய்ப் பதிவு அது. வளையல் மறுபடி சத்தம் போட்டது.

ஆகவே நீங்கள் வீட்டுப் படி ஏறலாம். அதிரசம் தயாராக இருக்கும். கலியாணம் முடிந்து அவளைக் கொண்டு விடுகிற அன்றைக்கு நீங்களும் எங்கள் வண்டியில் வர வேண்டும். இது வேண்டுகோள் அல்ல, கட்டளை. சாவடியில் அந்தச் சேவகன் நோட்டை எடுத்துக்கொண்டு வருவான். எத்தனை பேர் போகிறீர்கள், எத்தனை பேர் திரும்பி வருவீர்கள் என்று கேட்பான். அதற்கு மட்டும் நீங்கள் பதில் சொல்லிவிடுங்கள், மச்சான். என்னால் முடியாது.